டயப்பர் போட்டும் விடியற்காலையில் பாய் நனைகிறதா? ஈரம் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இரவில் டயப்பர் ஒழுகினால் பழி முதலில் கம்பெனி மேல்தான் விழும். "இந்த பாக்கெட் சரியில்ல, வேற வாங்கு" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைகள் நிறைய. காலையில் மொட்டை மாடிக் கொடியில் காயும் போர்வையைப் பார்த்தே எந்த வீட்டில் ராத்திரி ஒழுகியது என்று சொல்லிவிடலாம். அந்த அம்மாக்களோடு பேசியதிலும் என் பிள்ளைகளை வளர்த்ததிலும் எனக்குப் புரிந்தது இதுதான்: ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எதை மாற்றினாலும் பணம்தான் வீண். முதுகுப் பக்கம் நனைவதற்கு ஒரு காரணம், தொடை இடுக்கில் நனைவதற்கு வேறு காரணம்.

அதனால் குழந்தை எழுந்ததும் அவசரமாகக் கழற்றிச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். சட்டையில் ஈரம் எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். குழந்தை எப்படிப் படுத்திருந்தது என்று கவனியுங்கள். கழற்றிய டயப்பரை வெளிப்பக்கமாகக் கையால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை சமமாக உப்பியிருந்தால் அது தாங்கும் அளவு தீர்ந்துபோயிருக்கிறது. முன்பக்கம் மட்டும் கனத்து, பின்பக்கம் தட்டையாகக் கிடந்தால் இடம் இருந்தும் மூத்திரம் அங்கே போய்ச் சேரவில்லை. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வீட்டில் சமையல் தராசு இருந்தால் புது டயப்பரை ஒரு முறை, காலையில் கழற்றியதை ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு மூத்திரம் எதிர்பார்க்கலாம்? இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 2 மில்லி என்பது பொதுக் கணக்கு. 12 கிலோ குழந்தை 10 மணி நேரம் தூங்கினால் 120 முதல் 240 மில்லி. இரண்டு வயதில் மூத்திரப்பை பிடிக்கும் அளவு சுமார் 90 மில்லி. ஆக, பாதி டம்ளர் அளவுக்கு ஒரே மூச்சில் வந்து கொட்டும் நேரமும் இருக்கிறது. டயப்பருக்குள் இருக்கும் உறிஞ்சும் குருணை ஜெல்லாக மாறச் சற்று நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் வழி கிடைத்தால் மூத்திரம் அந்த வழியாக ஓடிவிடும்.

ஒரு ராத்திரிக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சைஸையும் மாற்றி, பாலையும் நிறுத்தி, புது பிராண்டும் வாங்கினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

எல்லோருக்கும் முதலில்: மாட்டும் விதம்

பேன்ட் மாடல் டயப்பரின் கால் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். வெளியே சுருக்கம் வைத்த விளிம்பு ஒன்று. அதற்கு உள்ளே, குழந்தையின் தோலை ஒட்டி, எலாஸ்டிக் வைத்த மெல்லிய மடிப்பு இன்னொன்று. இந்த உள்மடிப்புதான் அணை. அவசரத்தில் மேலே இழுத்து மாட்டும்போது வெளி விளிம்பு உள்ளே மடங்கிவிடும், அல்லது இந்த உள்மடிப்பு படுத்துவிடும். பார்த்தால் தெரியாது. மாட்டி முடித்ததும் சுட்டுவிரலை முன்பக்கத் தொடை இடுக்கில் விட்டு, அப்படியே பின்பக்கம் வரை ஒரு சுற்று ஓட்டி, வெளி விளிம்பை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு காலுக்கும். உள்மடிப்பு தொடையும் உடம்பும் சேரும் மடிப்புக்குள் போய் உட்கார வேண்டும். தொடைச் சதை மேல் நிற்கக் கூடாது.

இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்பக்கம் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம் அதைவிட ஒரு விரல் மேலே. டேப் மாடல் என்றால் இரண்டு டேப்பும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஒட்டினால் ஒரு பக்கம் கால் ஓட்டை பெரிதாகிவிடும்.

பாதி வீடுகளில் இந்த விரல் சுற்றே பிரச்சினையை முடித்துவிடும் என்று நான் நம்புகிறேன். இதைச் செய்து பார்த்தும் ஒழுகினால் கீழே வாருங்கள்.

ஈரம் முதுகுப் பக்கம், இடுப்புக்கு மேலே

மல்லாந்து படுக்கும் குழந்தைகளுக்கு இது அதிகம், பெண் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். மூத்திரம் கீழ்நோக்கி ஓடி, பின்பக்கம் தேங்கி, முதுகு வழியாக ஏறுகிறது. பின்பக்கத்தை நன்றாக மேலே இழுத்துவிடுங்கள். அப்படியும் இடுப்பெலும்புக்கு மேலே ஏறவில்லை என்றால் சைஸ் போதவில்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோ கணக்கில் ஒரு சைஸும் அடுத்த சைஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். பெரும்பாலான பேன்ட் டயப்பர்களில் எல் என்றால் 9 முதல் 14 கிலோ, எக்ஸ்எல் என்றால் 12 முதல் 17 கிலோ. 12 கிலோ குழந்தைக்கு இரண்டுமே பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. பகலுக்கு எல், ராத்திரிக்கு எக்ஸ்எல் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. பெரிய சைஸில் உறிஞ்சும் பொருளும் கூடுதலாக இருக்கும். கால் ஓரம் தொளதொள என்று நிற்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூளியில் தூங்கும் குழந்தை என்றால் கதையே வேறு. ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை என்று நம் பக்கத்துச் சின்ன வீடுகளில் இரண்டு வயது வரைகூட சேலைத் தூளியில்தான் பிள்ளை தூங்கும். தூளிக்குள் குழந்தையின் உடம்பு வளைந்து இருக்கும். புட்டம்தான் மிகத் தாழ்ந்த இடம். போன மூத்திரமெல்லாம் பின்பக்க நடுவில் வந்து சேரும், முன்பக்கம் காய்ந்தபடியே கிடக்கும். அதோடு சேலை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால் கால் ஓரத்து மடிப்பு நசுங்கிப் படுத்துவிடும். உடம்பின் எடை முழுக்க அந்த நனைந்த இடத்தின் மேலேயே அழுத்தும். அழுத்தம் கூடினால் டயப்பர் பிடித்து வைக்கும் அளவு குறையும். இப்படி ஒழுகினால் சட்டையில் கறை முதுகுத்தண்டை ஒட்டி நீளமாக மேலே ஏறியிருக்கும். அந்த நீளக் கறையைப் பார்த்தால் பிராண்டை மாற்றாதீர்கள், தூங்கும் இடத்தை மாற்றுங்கள்.

தூளியில் ஆட்டித் தூங்கவைத்து, நன்றாகத் தூங்கியதும் தூக்கிப் பாயில் போடுவதுதான் சரியான வழி. தூக்கினால் விழித்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு, சேலையை அகலமாக விரித்து முடிந்து, உடம்பு அதிகம் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு டயப்பரை ஒரு சைஸ் கூட்டுங்கள், பின்பக்கத்தை உயர்த்தி மாட்டுங்கள். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 12 கிலோ பிள்ளை எழுந்து உட்கார்ந்து துள்ளினால் கொக்கிக்கும் முடிச்சுக்கும் அது பெரிய பாரம். எட்டிப் பார்க்கவும் ஏறி இறங்கவும் பழகிவிட்ட பிள்ளையை ராத்திரி முழுக்க ஆள் பார்க்காமல் தூளியில் விடக் கூடாது.

ஈரம் முன்பக்கம், வயிற்றின் மேல்

ஆண் குழந்தைகளுக்கு வருவது. குஞ்சு மேல்நோக்கி இருந்தபடி டயப்பரை மாட்டினால் மூத்திரம் நேராக இடுப்புப் பட்டைக்குத்தான் போகும். கீழ்நோக்கி வைத்து மாட்டுங்கள். குப்புறப் படுக்கும் பிள்ளைக்கு முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அவ்வளவுதான்.

ஈரம் ஒரு பக்கத் தொடையில் மட்டும்

பிள்ளை எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதே பக்கம்தான் நனைந்திருக்கும். கால் மடிப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விரல் சுற்று சரியாக ஓட்டியும் ஒழுகினால் தொடையைப் பாருங்கள். காலையில் தொடை இடுக்கில் ஆழமான சிவப்புக் கோடு விழுந்து, அது சீக்கிரம் மறையாமல் இருந்தால் டயப்பர் சின்னது. கோடே இல்லாமல், விரல் விட்டால் தாராளமாகப் போய் வந்தால் பெரியது. ஒல்லிக் கால் பிள்ளைகளுக்குச் சில பிராண்டின் கால் ஓட்டை எப்போதும் பெரிதாகவே இருக்கும். பிராண்டை மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கும் இடம் இது ஒன்றுதான். பெரிய பாக்கெட் வாங்காமல், மெடிக்கல் ஷாப்பில் ஒன்றிரண்டு இருக்கும் சின்ன பாக்கெட்டாக வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

டயப்பர் முழுக்கக் கனத்து, தொங்கி, விடியற்காலையில் ஒழுகுகிறது

இதில் டயப்பர் மேல் தப்பே இல்லை. அதன் வேலையை முடித்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி, அதை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதுதான்.

நம் பக்கத்து வீடுகளின் நேரக் கணக்கு அப்படி. சாயங்காலம் ஏழு மணிக்கு உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, "ராத்திரி டயப்பர்" என்று ஒன்றை மாட்டிவிடுகிறோம். அப்பா துறைமுகத்திலோ கம்பெனியிலோ ஷிப்ட் முடித்து வர ஒன்பதரை, பத்து ஆகும். அவர் முகத்தைப் பார்க்காமல் பிள்ளை தூங்காது. சாப்பாடு, விளையாட்டு, ஒரு டம்ளர் பால், எல்லாம் முடிந்து கண் மூடப் பதினொன்று. எழுவது எட்டு மணிக்கு. கணக்குப் போட்டால் அந்த ஒரே டயப்பர் பதின்மூன்று மணி நேரம் உடம்பில் இருக்கிறது. அதில் முதல் நான்கு மணி நேரம் பிள்ளை ஓடி ஆடி, தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று முறை மூச்சா போயிருக்கும். தூங்கும்போதே அது பாதி நிறைந்த டயப்பர்.

எதிர் வீட்டுப் பெண் ஒருநாள், "அக்கா, பன்னெண்டு மணி நேரம் தாங்கும்னு பாக்கெட்ல போட்டிருக்கான், காலைல அஞ்சு மணிக்கெல்லாம் ஒழுவுது" என்று குறைப்பட்டுக்கொண்டாள். எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்று கேட்டேன். ஆறரைக்கு என்றாள். பத்தரைக்கு, பாயில் கிடத்தும்போது, புதிதாக ஒன்று மாட்டச் சொன்னேன். அதே பிராண்ட், அதே சைஸ்தான். அதோடு அவள் வீட்டில் போர்வை துவைப்பது நின்றது. டயப்பர் ஒன்று கூடுதலாகச் செலவாகிறதே என்று தோன்றும். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை வெறும் ஜட்டியோடு விட்டு, இடையில் இரண்டு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப் போனால் அந்தச் செலவும் இல்லை.

படுக்கப் போகும் முன் பாத்ரூமில் நிற்கவைத்து, நம் பாட்டிமார் செய்வது போல "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து மூச்சா போகவையுங்கள். போகாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். போய்விட்டால் மூத்திரப்பை காலியான பிறகு டயப்பர் ஏறுகிறது. ஒரு முறை அளவு மிச்சம்.

அப்புறம் பால். ஒரு வயது தாண்டிய, நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்குத் தூக்கத்தின் நடுவே புட்டிப்பால் பொதுவாகத் தேவையில்லை. பால் வாயில் தங்கிப் பல் சொத்தையாகும் என்று டாக்டர்களும் இதை நிறுத்தச் சொல்கிறார்கள். கடைசிப் பாலைப் படுப்பதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னால் டம்ளரில் கொடுத்து, வாய் கொப்பளிக்க வைத்துவிடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் பாலைக் குறைக்காதீர்கள், டயப்பர் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நுங்கு, தர்பூசணி, இளநீர் என்று கொடுப்போம். அதெல்லாம் ஆறு மணிக்குள் இருந்தால் நல்லது.

ஆனால் டயப்பர் ஒழுகுகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சென்னை வெயிலில் தாகமாக இருக்கும் குழந்தைக்குத் தண்ணீர் மறுப்பது தப்பு. பகலில் தாராளமாகக் குடிக்க வைத்தால் ராத்திரித் தாகம் தானாகக் குறையும்.

மே மாதம் முழுக்க ஒழுகாமல் இருந்த பிள்ளைக்கு மார்கழியில் திடீரென்று ஒழுகும். புதிதாக ஏசி போட்ட வீட்டிலும் இதே கதைதான். வியர்வையாகப் போக வேண்டிய தண்ணீர் மூத்திரமாகப் போகிறது. அந்த மாதங்களுக்கு மட்டும் ராத்திரிக்கு ஒரு சைஸ் கூட்டிப் போட்டாலே போதும்.

இதையெல்லாம் செய்தும் நிறைந்து வழிந்தால், பெரியவர்கள் படுக்கும் நேரத்தில், இரவு பன்னிரண்டு வாக்கில், ஒரு முறை மாற்றுங்கள். விளக்குப் போட வேண்டாம், செல்போன் வெளிச்சம் போதும். பேன்ட் டயப்பரைக் காலை உருவிக் கழற்றாமல் இரண்டு பக்கத் தையலையும் கிழித்து எடுத்தால் பிள்ளை விழிக்காது. டேப் மாடல் இதற்கு இன்னும் சுலபம்.

இரண்டு டயப்பரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பதன் வெளித்தோல் பிளாஸ்டிக். அது நிறைந்தால் ஓரமாகத்தான் வழியும், வெளியில் இருக்கும் டயப்பரின் நடுவுக்குப் போகவே போகாது. புழுக்கம்தான் மிச்சம். பெரியவர்களின் சானிட்டரி நாப்கினை உள்ளே வைப்பதும் இதே தப்பு, அதன் அடியிலும் பிளாஸ்டிக் தாள் உண்டு. கூடுதலாக ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், அடியில் பிளாஸ்டிக் இல்லாத துணி இன்சர்ட் (உள்ளே வைக்கும் உறிஞ்சும் துணிப்பட்டை) ஒன்றை வையுங்கள். ஆண் குழந்தைக்கு முன்பக்கமாக, மல்லாந்து படுக்கும் பெண் குழந்தைக்கு நடுவிலிருந்து பின்பக்கமாக. அந்த ஈரம் தோலிலேயே இருக்கும் என்பதால் புண் வரும் பிள்ளைக்கு இது ஆகாது.

டயப்பர் லேசாக இருக்கிறது, சட்டை மட்டும் நனைந்திருக்கிறது

ஏன் என்று புரியாமல் ஆளைக் குழப்புவது இதுதான். நான்கு காரணங்கள் எனக்குத் தெரியும்.

முதலாவது, அது மூத்திரமே இல்லை, வியர்வை. கரண்ட் போன ராத்திரி, காற்றே இல்லாத ஒற்றை அறை, கடல் பக்கத்து ஈரப்பதம். குழந்தையின் முதுகு முழுக்க நனைந்துவிடும். கழுத்தும் தலையணையும் ஈரமாக இருந்தால், மோந்து பார்த்தால் மூத்திர வாடை இல்லை என்றால், காய்ந்த பிறகு மஞ்சள் வட்டம் விழவில்லை என்றால் வியர்வைதான். மெல்லிய பருத்தி பனியன் போதும், டயப்பருக்கு மேலே பேன்ட் வேண்டாம்.

இரண்டாவது, பனியன். அதன் கீழ் ஓரத்தை டயப்பருக்குள் செருகிவிட்டால் பருத்தித் துணி உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போலத்தான். வெளியே எடுத்துவிடுங்கள். இறுக்கமான பேன்ட், லெக்கிங்ஸ் போட்டாலும் டயப்பர் அழுந்தி ஓரமாக ஈரம் கசியும்.

மூன்றாவது, கிரீமும் எண்ணெயும். புண்ணுக்குப் போடும் ஜிங்க் கிரீம், பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய், எதுவானாலும் கொட்டித் தேய்த்து உடனே டயப்பரை ஏற்றினால் அது உள்தாளில் ஒட்டிப் படலமாகிவிடும். மூத்திரம் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கி ஓடும். தேவையான இடத்தில் மட்டும் மெல்லிசாகப் போட்டு, சில நிமிடம் காற்றாட விட்டு, அப்புறம் மாட்டுங்கள். பவுடர் அங்கே வேண்டாம். குழந்தை அதை மூச்சில் இழுக்கும்.

நான்காவது, உள்ளே இருக்கும் பஞ்சு ஒரு பக்கம் மடங்கிக் கிடப்பது. பாக்கெட்டில் அமுங்கி வரும் டயப்பரை மாட்டும் முன் இரண்டு கையாலும் நீளவாக்கில் இழுத்து, உள்மடிப்புகள் எழுந்து நிற்கும்படி விரித்துக்கொள்ளுங்கள்.

பாயில் ஜெல் உருண்டை

உள்தாள் கிழிந்து குருணை வெளியே வந்திருக்கிறது. அளவுக்கு மேல் நிறைந்தாலும், பிள்ளை விரல் விட்டுக் கிழித்தாலும் வரும். தோலில் பட்டால் பயமில்லை, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வாயில் போட விடாதீர்கள். அந்த டயப்பரை உடனே மாற்றுங்கள்.

துணி டயப்பர் ஒழுகுகிறது

மாமியார் காலத்து வேட்டித் துணி நாப்கின் ராத்திரிக்குத் தாங்காது, அதை எழுதத் தேவையில்லை. இப்போது வரும் வெளி உறையும் உள்ளே வைக்கும் இன்சர்ட்டும் கொண்ட துணி டயப்பர் ராத்திரிக்குத் தாங்கும், ஆனால் சில விஷயங்கள் இருக்கின்றன.

புதிதாக வாங்கிய பருத்தி, மூங்கில் நார் இன்சர்ட் முதல் நாளே முழுசாக உறிஞ்சாது. பல முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் முழுத் திறன் வரும். மைக்ரோபைபர் என்ற மெல்லிய செயற்கை இழை இன்சர்ட் வேகமாக உறிஞ்சும், ஆனால் பிள்ளை அதன் மேல் படுத்து அழுத்தினால் பிழிந்ததுபோல வெளியே விட்டுவிடும். ராத்திரிக்கு மேலே மைக்ரோபைபர், அதன் அடியில் பருத்தியோ மூங்கிலோ என்று இரண்டு அடுக்கு வையுங்கள். ஆனால் மைக்ரோபைபர் நேராகத் தோலில் படக் கூடாது, தோலை வறட்சியாக்கும்; இடையில் ஒரு மெல்லிய துணி இருக்கட்டும். இன்சர்ட்டின் ஓரம் உறைக்கு வெளியே எட்டிப் பார்த்தாலும் ஒழுகும்.

நன்றாக இருந்த துணி டயப்பர் சில மாதத்தில் ஒழுக ஆரம்பித்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். 2010இல் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும் வடசென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்காகத்தான். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, படிமமாகத் துணி இழைக்குள் தங்கிவிடும். அந்தப் படிமம் தண்ணீரைத் தள்ளும். இன்சர்ட் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே இறங்காமல் முத்தாக நின்றால் படிமம் சேர்ந்துவிட்டது. பருத்தி இன்சர்ட்டைச் சோப்பு போடாமல் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து, கடைசி அலசலை உப்பில்லாத மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள். வெளி உறையைக் கொதிநீரில் போடாதீர்கள், உள்பூச்சு பிரிந்துவிடும். வாசனைக்காகத் துணியில் போடும் கண்டிஷனரும் இதே வேலையைத்தான் செய்யும், டயப்பர் துணிக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்சர்ட் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், நடு அடுக்கில் ஈரம் இருக்கும். மடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று தெரியும். அந்த இரண்டு மாதமும் ராத்திரிக்குக் கடை டயப்பர், பகலுக்குத் துணி என்று வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

கக்காவும் சேர்ந்து ஒழுகுகிறது

தண்ணீராகப் போகும் கழிச்சலை எந்த டயப்பரும் தாங்காது. கண்டதும் மாற்றிக் கழுவுங்கள். மலம் தோலில் இருந்தால் சீக்கிரம் புண்ணாகும். அடிக்கடி போனால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, காலையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கண் குழிந்து, வாய் உலர்ந்து, பல மணி நேரம் மூச்சா போகாமல் சோர்ந்து கிடந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு வாரமாகத்தான் இப்படி, முன்பு இல்லை

நன்றாகத் தாங்கிக்கொண்டிருந்த அதே டயப்பர் திடீரென்று தினமும் நிறைந்து வழிகிறது, பிள்ளை எந்நேரமும் தண்ணீர் கேட்கிறது, எடை குறைகிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் டயப்பரை மறந்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சின்னக் குழந்தைக்கும் சர்க்கரை நோய் வரும். அது வேகமாக முற்றக்கூடியது. சர்க்கரையைப் பார்க்க ஒரு சொட்டு ரத்தம் போதும். மூச்சா போகும்போது அழுதால், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், மூத்திரத்தில் கெட்ட வாடையோ ரத்தமோ தெரிந்தால் மூத்திரத் தொற்றாக இருக்கலாம். ஸ்டான்லியிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் இதற்கெல்லாம் பரிசோதனை செய்கிறார்கள். தொடை இடுக்கில் செக்கச் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் தனித்தனியாக இருந்தால் அது பூஞ்சைப் புண். கடைக் கிரீம் போதாது, காட்ட வேண்டும்.

ஒழுகினாலும் தூக்கம் கெடாமல் இருக்க

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் பக்கம் போகும்போது பருத்தி விரிப்பு கூடுதலாக ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். கீழே ரப்பர் ஷீட், அதன் மேல் விரிப்பு, மறுபடியும் ரப்பர் ஷீட், மறுபடியும் விரிப்பு. ராத்திரி நனைந்தால் மேல் இரண்டை மட்டும் உருவிப் போட்டால் கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். ரப்பர் ஷீட்டுக்குப் பதில் பாலிதீன் கவரை விரிக்காதீர்கள். அது சுருண்டு குழந்தையின் முகத்தில் வந்து மூடும் ஆபத்து இருக்கிறது.

மெத்தை நனைந்தால் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் அழுத்தி ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஆப்ப சோடா தூவி, காய்ந்ததும் தட்டிவிட்டு வெயிலில் போடுங்கள். கோரைப்பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு பக்கமும் வெயில் காட்டிய பிறகே சுருட்டுங்கள்.

கழற்றிய டயப்பரை நன்றாகச் சுருட்டி, பின்னால் இருக்கும் டேப்பால் ஒட்டி, செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். காலையில் வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அதைக் கையால்தான் பிரிக்கிறார். கழிப்பறையில் போட்டால் அடைக்கும், கால்வாயில் போட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் நம் தெருவில்தான் நிற்கும்.

டயப்பர் காலையில் காய்ந்தே இருக்கிறது

தொடர்ந்து பல காலை இப்படி இருந்தால் பிள்ளை தயாராகிக்கொண்டிருக்கிறது. ராத்திரி மூத்திரத்தைக் குறைக்கும் ஹார்மோனும் மூத்திரப்பையும் முதிர்வது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஐந்து வயது வரை படுக்கையில் போவதை நோயாக யாரும் பார்ப்பதில்லை. திட்டியோ அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டோ அதை முன்னால் கொண்டுவர முடியாது. ரப்பர் ஷீட்டை அப்படியே விட்டுவிட்டு, படுக்கும் முன் மூச்சா போகவைத்து, ஒரு சனிக்கிழமை ராத்திரி டயப்பர் இல்லாமல் விட்டுப் பாருங்கள். நனைந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடியும்.